நீங்கள் லீவில் இருக்கும் நாளில் வார்டு எப்படி நடக்கிறது?

வார்டு இன்சார்ஜ் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அக்கா, தூக்கத்துல எழுப்பி வென்ஃப்ளான் போடச் சொன்னாலும் போட்டுடுவேன். ஆனா பத்துப் பதினஞ்சு ஸ்டாஃபை வெச்சு வேலை வாங்கணும்னா பயமா இருக்கு. இதுக்கு என்ன படிக்கணும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று: அந்தப் பயம் நியாயமானது. நம்மூர் ஆஸ்பத்திரிகளில் சீனியாரிட்டி லிஸ்ட்டில் பெயர் மேலே வந்தாலோ, இருந்த இன்சார்ஜ் திடீரென்று வேலையை விட்டுப் போனாலோ, நன்றாக வேலை செய்கிற ஒரு நர்ஸைக் கூப்பிட்டு "நாளையிலேர்ந்து நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவரை அவர் கற்றதெல்லாம் நோயாளியைப் பார்ப்பதற்கு. இனிமேல் நோயாளியைப் பார்க்கிறவர்களை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்கில் நிர்வாகம் ஒரு பாடமாக இருக்கிறது, உண்மைதான். இருபது வயதில் பரீட்சைக்காகப் படித்தது, பொறுப்பு கைக்கு வரும் வயதில் எவ்வளவு நினைவிருக்கும்?

வார்டை நடத்துவது தனி வேலை. நல்ல நர்ஸாக இருப்பதால் மட்டும் அது வந்துவிடாது. ஆனால் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொடுக்கவும் முடியும். அதில் தேறியிருக்கிறோமா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. 1854-ல் கிரிமியப் போரின்போது ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு போன ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் கையில் விளக்கோடுதான் நினைத்துக்கொள்கிறோம். அவர் முதலில் ஒரு பெரிய நிர்வாகி. சமையல், சலவை, துணிமணி, சாக்கடை, கணக்கு என்று எல்லாவற்றையும் சரிசெய்தவர். 1859-ல் வெளிவந்த 'நோட்ஸ் ஆன் நர்சிங்' என்ற சிறிய புத்தகத்தில், அன்றாடம் நடக்கிற சின்னச் சின்ன நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதன் சாரம் இதுதான்: நீங்கள் இருக்கும்போது செய்வதெல்லாம் நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியவில்லையென்றால், நீங்கள் எவ்வளவு நல்ல நர்ஸாக இருந்தாலும் நோயாளிக்குப் பலன் பாதிதான். ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிடவில்லை.

இனி திறமைகளுக்கு வருகிறேன்.

டியூட்டி லிஸ்ட்

ஒரு இன்சார்ஜின் அறிவு, நேர்மை, மனசு மூன்றையும் தெரிந்துகொள்ள அவர் போடுகிற டியூட்டி லிஸ்ட்டைப் பார்த்தால் போதும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், அதாவது ஒரு ஷிஃப்ட்டுக்கு 9 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அதற்கு மேல் 30 சதவீதம் லீவு ரிசர்வ். 30 படுக்கை வார்டு என்றால் 10 பேர், ரிசர்வ் 3 பேர், ஆக 13 பேர். காகிதத்தில் தாராளமாகத் தெரிகிற இந்த 13-ஐ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்குப் பிரித்துப் பாருங்கள். ஒருவர் பேறுகால விடுப்பு. இருவர் நைட் முடித்து ஆஃப். ஒருவர் வார ஆஃப். ஒருவர் சி.எல். மிச்சம் 8 பேர். காலையில் 4, மதியம் 2, இரவு 2. இரவில் இருக்கும் அந்த 2 பேருக்கு 30 நோயாளிகள். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். இதுவும் 13 பேர் முழுதாக இருந்தால்தான். பல வார்டுகளில் அந்த எண்ணிக்கையே கிடையாது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளரும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அந்த ஆய்வு கண்டது. நர்ஸ்கள் மனமும் உடலும் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஆகவே ஆள் பற்றாக்குறையை ஸ்டாஃபுடைய கஷ்டமாக மட்டும் பார்க்காதீர்கள். அது நோயாளியின் உயிர்ப் பிரச்சினை. மேலிடத்துக்கு எழுதும்போதும் அப்படித்தான் எழுத வேண்டும்.

அடுத்தது, யாரோடு யாரைப் போடுவது. பாட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதிய புத்தகத்தில், புதிதாக வருகிற நர்ஸ் தொடங்கி நிபுணராகும் வரை ஐந்து படிகள் உண்டு என்று காட்டியிருக்கிறார். சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண்ணும் பத்து வருஷம் ஆன பெண்ணும் லிஸ்ட்டில் ஒரு பெயர், ஒரு பெயர்தான். இரவு 3 மணிக்கு ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்கும்போது அந்த இரண்டு பெயரும் ஒன்றல்ல. இரண்டு புதுசுகளை ஒரே நைட்டில் போட்டால் எண்ணிக்கை சரியாக இருக்கும், வார்டு பத்திரமாக இருக்காது. அதே சமயம், அனுபவசாலி என்பதற்காக ஒருவரையே எல்லாக் கஷ்டமான ஷிஃப்ட்டிலும் தள்ளிக்கொண்டிருந்தால் அவர் ஒரு நாள் உடைந்துபோவார். இரண்டையும் ஒரே தாளில் சமன்செய்வதுதான் திறமை.

மூன்றாவது, நியாயம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யார் நைட், போன வருஷம் யார், அதற்கு முந்தின வருஷம் யார் என்று எழுதி வைத்திருங்கள். கிறிஸ்துமஸ், ரம்ஜான் கொண்டாடுகிறவர்களையும் சேர்த்து வருஷ ஆரம்பத்திலேயே எல்லோர் முன்னாலும் பேசி முடித்துவிட்டால் சண்டையில் பாதி அடங்கிவிடும். லீவு கேட்க ஒரு நோட்டு வைத்து, கேட்ட தேதியோடு அதில் எழுதச் சொல்லுங்கள். காதோடு காதாகக் கேட்டு வாங்குகிற லீவுதான் வார்டில் பொறாமையை விதைக்கிறது. லிஸ்ட்டை முந்தின நாள் ராத்திரி வாட்ஸப்பில் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஸ்டாஃபுக்கும் வீடு இருக்கிறது, குழந்தையை யாரிடம் விடுவது என்று அவர்களும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பேறுகால விடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து இது 12 மாதம். நம் வார்டுகளில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ஒரே நேரத்தில் இருவர் விடுப்பில் போவது சாதாரணமாக நடக்கும். கர்ப்பமாக இருக்கிறேன் என்று ஒரு பெண் வந்து சொன்னால், "இப்பவேவா?" என்ற வார்த்தை இன்சார்ஜ் வாயிலிருந்து வரக்கூடாது. முதலில் வாழ்த்துச் சொல்லுங்கள். தேதியைக் கேட்டு, எந்த மாதத்திலிருந்து ஆள் குறையும் என்று கணக்குப் போட்டு, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் (என்.எஸ்.) மேடத்துக்கு அன்றைக்கே எழுத்தில் தெரியப்படுத்துங்கள். விடுப்பு அவருடைய உரிமை. அதற்கேற்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்வது உங்கள் வேலை.

ஹேண்டிங் ஓவர்

ஷிஃப்ட் மாறுகிற அந்த இருபது முப்பது நிமிஷம்தான் வார்டில் விஷயங்கள் தொலைகிற நேரம். நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி நோட்டைப் பார்த்து "14 ஓகே, 15 ஓகே, 16 டிஸ்சார்ஜ்" என்று ஒப்பிப்பது ஹேண்டிங் ஓவர் ஆகாது. இருவரும் படுக்கை படுக்கையாக நடக்க வேண்டும்.

ஒரு படுக்கையை எடுத்துக்கொள்வோம். 14-ம் பெட், வயதானவர், வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். போகிறவர் சொல்கிறார்: "டிரிப் போகுது, வைட்டல்ஸ் நார்மல்." இங்கே இன்சார்ஜ் பழக்கியிருக்க வேண்டிய ஸ்டாஃப் என்ன செய்வார்? குனிந்து யூரின் பையைத் தூக்கிப் பார்ப்பார். எத்தனை மணிக்குக் காலி செய்தது, அதற்கப்புறம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்பார். நாலு மணி நேரத்தில் 60 மில்லிதான் என்றால் அங்கேயே நிற்பார். வென்ஃப்ளான் போட்ட இடத்தில் விரலை வைத்து வீக்கம் இருக்கிறதா, சூடாக இருக்கிறதா பார்ப்பார். டிரெயினில் வருவது என்ன நிறம், டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறதா, முதுகுப் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாகப் பெரியவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஐயா, வலி எப்படி இருக்கு?" என்பார். மொத்தம் இரண்டு நிமிஷம். அந்த 60 மில்லியை அந்த நேரத்தில் கண்டுபிடிப்பதற்கும் மறுநாள் காலை ரவுண்ட்ஸில் கண்டுபிடிப்பதற்கும் நடுவே ஒரு சிறுநீரகமே போயிருக்கலாம்.

இன்சார்ஜ் ஒவ்வொரு படுக்கைக்கும் கூடவே நடக்க முடியாது. ஆனால் ஆரம்ப மாதங்களில் தினமும் நடந்து, எதைக் கேட்க வேண்டும் என்று செய்து காட்டினால், பிறகு அதுவே வார்டின் வழக்கமாகிவிடும். நைட் ஸ்டாஃபும் அப்படியே செய்வார்கள்.

டாக்டருக்குப் போன் செய்வதும் இதே வகைதான். இரவில் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு "சார், 9-ம் பெட் பேஷண்ட் சரியில்ல சார்" என்றால், அவர் "பார்த்துக்கோங்க, வர்றேன்" என்று வைத்துவிடுவார். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட ஒரு முறையை மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எஸ்பார் என்பார்கள். இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் நான் கேட்பது என்ன என்று நாலே படி. நம் வார்டில் அது இப்படி இருக்கும்:

"சார், ஃபீமேல் சர்ஜிகல் வார்டிலேர்ந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன். 9-ம் பெட் பேஷண்ட்டுக்கு ஒரு மணி நேரமா பல்ஸ் 124, பி.பி. 90/60. 52 வயசு, நேத்து பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்க. டிரெயின்ல 300 மில்லி ரத்தம் வந்திருக்கு. உள்ளே ப்ளீடிங் இருக்கும்னு தோணுது. நீங்க உடனே வந்து பார்க்கணும் சார். அதுவரைக்கும் ஃப்ளூயிடு வேகமா விடட்டுமா?"

இப்படிச் சொன்னால் எந்த டாக்டரும் போனை வைத்துவிட்டுத் தூங்க மாட்டார். நம் பெண்கள் பலருக்கு "எனக்கு இப்படித் தோணுது" என்று டாக்டரிடம் சொல்லவே தயக்கம். இதைப் போஸ்டர் ஒட்டிப் போக்க முடியாது. மதிய நேரம் வார்டு கொஞ்சம் அமைதியாக இருக்கும்போது இரண்டு பேரை எதிரெதிரே நிற்க வைத்து, ஒருவர் டாக்டர், ஒருவர் ஸ்டாஃப் என்று பேசிப் பழக வையுங்கள். நாலைந்து தடவை பேசினால் வாய்க்கு வந்துவிடும்.

மருந்து, சாமான், குப்பை

இன்சார்ஜ் என்றால் ரிஜிஸ்டர் எழுதுகிறவர் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த ரிஜிஸ்டர்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் அந்த வேலை சலிக்காது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்காக 1994-ல் மருத்துவ சேவைக் கழகம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக், மாவட்டத்தில் கிடங்கு, கணினியில் கணக்கு என்று அது ஏற்படுத்திய முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகின்றன. ஆனால் எவ்வளவு நல்ல முறையும் வார்டு அலமாரியில்தான் வந்து முடிகிறது. இந்த வாரம் எத்தனை பாட்டில் சலைன் செலவாகும், டெங்கு சீசனில் எவ்வளவு கூடும் என்று கணித்து இன்டென்ட் போடத் தெரிய வேண்டும். குறைத்துப் போட்டால் நோயாளியின் மகன் வெளிக்கடைக்கு ஓடுவான். கூட்டிப் போட்டால் அலமாரியில் கெட்டுப்போகும். காலாவதித் தேதி முதலில் வருவது முன் வரிசையில், புதிதாக வந்தது பின்னால். இதை ஒரு தடவை சொன்னால் போதாது, வாரம் ஒரு நாள் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை எந்தக் காரணத்துக்காகவும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல 10 மில்லியாக இருக்கும். முதலாவதைக் கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தனிப் பெட்டி, சிவப்பு லேபிள், எடுக்கும்போது இன்னொருவரும் சரிபார்ப்பது. "கவனமா இருங்கம்மா" என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட இந்த ஏற்பாடு பெரிது. கவனம் இரவு 4 மணிக்குத் தூங்கிவிடும். தனிப் பெட்டி தூங்காது.

எமர்ஜென்சி டிராலியும் அப்படித்தான். ரிஜிஸ்டரில் "செக்டு" என்று கையெழுத்து இருக்கும். நீங்கள் போய் லாரிஞ்சோஸ்கோப் பிளேடை விரித்துப் பல்பு எரிகிறதா பாருங்கள். ஆம்பு பையை அழுத்திக் காற்று வருகிறதா பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முள் எங்கே நிற்கிறது, சிலிண்டர் சாவி அதிலேயே கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சக்‌ஷனைப் போட்டுக் கையில் வைத்துப் பாருங்கள். அட்ரினலின் எண்ணிக்கையை எண்ணுங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒருவர் பெயர் போட்டு இதை ஒப்படைத்தால்தான் வேலை நடக்கும். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாருமே பார்க்க மாட்டார்கள்.

குப்பைக்கும் 2016 விதிகள் உண்டு. ரத்தம் பட்ட பஞ்சு, துணி மஞ்சள் பையில், டிரிப் செட், கிளவுஸ் சிவப்பில், ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். தவறான பையில் விழுந்த ஓர் ஊசி கடைசியில் குத்துவது துப்புரவுப் பணியாளரின் கையில்தான். அவர்கள் நம் டீமில் கடைசி ஆட்கள் என்று நினைக்கிற இன்சார்ஜ் இந்தப் பதவிக்குத் தகுதியில்லை. அவர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, தடிமனான கிளவுஸ் இருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் வேலைதான்.

மனிதர்கள்

இதுதான் கஷ்டமான பகுதி. நேற்று வரை "வாடி, போடி" என்று ஒன்றாக டிபன் பாக்ஸ் பகிர்ந்துகொண்டவர்களுக்கு இன்று மேலே இருக்கிறோம். நட்பை விட வேண்டியதில்லை. டியூட்டி நேரத்தில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது மட்டும் முதல் வாரத்திலேயே தெளிவாகத் தெரிந்துவிட வேண்டும்.

கண்டிக்க வேண்டியிருந்தால் நோயாளி முன்னாலோ, டாக்டர் முன்னாலோ, ஸ்டூடண்ட்ஸ் முன்னாலோ கண்டிக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்தது என்னவென்று முதலில் கேளுங்கள். பாராட்டுவதாக இருந்தால் எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். நம்மில் பலர் இதை நேர்மாறாகத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

தவறு நடக்கும்போதுதான் இன்சார்ஜ் யார் என்று தெரியும். மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்நாட்டு இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1999-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகமே அதிர்ந்தது. அந்த அறிக்கை சொன்ன முக்கியமான விஷயம், பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் கெட்ட மனிதர்கள் அல்ல, மோசமான ஏற்பாடுகள் என்பதுதான். ஒரு ஸ்டாஃப் 6-ம் பெட் மருந்தை 7-ம் பெட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். "யார் கொடுத்தது?" என்று கத்தினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது. முதலில் நோயாளியைப் பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். பிறகு எப்படி நடந்தது என்று கேளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயரா? கேஸ் ஷீட் மாறியிருந்ததா? மருந்து எடுக்கும்போது யாராவது இடையில் கூப்பிட்டார்களா? கையில் அடையாளப் பட்டை இருந்ததா? அந்த ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஸ்டாஃப் அதே இடத்தில் விழமாட்டார். வேண்டுமென்றே விதியை மீறுவதும், கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதுவதும் வேறு. அங்கே தயவு காட்டக்கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது பெரிய திறமை.

நோயாளியின் உறவினர்களோடு பேசவும் பழக வேண்டும். அவர்கள் கோபத்தில் பெரும்பகுதி பயம். "டாக்டர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்க" என்று சத்தம் போடுகிறவரை ஓரமாக உட்கார வைத்து, நிலைமை என்ன, அடுத்து டாக்டர் எப்போது வருவார் என்று சொன்னால் பலர் அடங்கிவிடுவார்கள். அதையும் மீறி ஸ்டாஃப் மேல் கை வைத்தால் சமாதானம் பேசி மூடாதீர்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஸ்டாஃபுக்கு நடந்ததை அன்றைக்கே எழுதி, மேலதிகாரிக்கும் போலீசுக்கும் போக வையுங்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ள உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் உங்கள் ஸ்டாஃபுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பின்னால் இன்சார்ஜ் நிற்பார் என்ற நம்பிக்கை சம்பளத்துக்கு அடுத்தபடியாக ஸ்டாஃபை நிறுத்தி வைக்கிறது. நல்ல நர்ஸ்கள் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகும் காலம் இது. சம்பளத்தை உயர்த்துவது நம் கையில் இல்லை. மரியாதை நம் கையில்தான் இருக்கிறது.

எண்களும் எழுத்தும்

நைட்டிங்கேல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினராக்கப்பட்ட முதல் பெண். போர்க்களத்துக் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்பதை வரைபடமாகப் போட்டுக் காட்டித்தான் அரசாங்கத்தை அசைத்தார். நாமும் நம் வார்டின் எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதம் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, எத்தனை பேர் விழுந்தார்கள், யூரின் டியூப் போட்டவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று, எந்த ஷிஃப்ட்டில் அதிகம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். மூன்று மாதம் தொடர்ந்து எழுதினால் வார்டின் பலவீனம் எங்கே என்று தானாகத் தெரியும்.

அரசு மருத்துவமனைகளுக்குத் தேசியத் தர நிர்ணயம் 2013-லும், காயகல்ப் தூய்மை விருதுத் திட்டம் 2015-லும் வந்தன. தனியாரில் என்.ஏ.பி.எச். தரச்சான்று உண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து பழைய தேதிக்கெல்லாம் ரிஜிஸ்டர் நிரப்புகிற வழக்கத்தை உங்கள் வார்டில் ஆரம்பிக்கவே விடாதீர்கள். பொய்யான எண்ணால் உங்கள் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை, அடுத்த வருஷம் ஆள் கேட்கும்போது உங்களுக்கே எதிராக நிற்கும்.

மேலிடத்துக்கு எழுதுவதும் ஒரு கலை. "ஆள் பத்தலை" என்று வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். இத்தனை படுக்கை, இத்தனை நோயாளி, கவுன்சில் அளவுப்படி இத்தனை பேர் வேண்டும், இருப்பது இத்தனை, இந்த மாதம் இன்னின்ன பாதிப்பு, தேவை இது. ஒரே பக்கம், தேதி, நகல். புகார் தொனி வேண்டாம், கணக்கு பேசட்டும். கிடைக்கவில்லையென்றால் அடுத்த மாதம் புது எண்களோடு திரும்ப எழுதுங்கள். சளைக்காமல் எழுதுகிற இன்சார்ஜுக்குத்தான் கடைசியில் ஆள் கிடைக்கிறது. ஒருவேளை அப்போதும் கிடைக்காமல் ஏதாவது நடந்துவிட்டால், உங்கள் ஸ்டாஃபைக் காப்பாற்றப் போவது அந்தக் காகிதங்கள்தான்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

நர்ஸ் மேனேஜருக்கு வேண்டிய திறமைகளை அமெரிக்க நர்சிங் தலைமை அமைப்பு மூன்றாகப் பிரிக்கிறது: வேலையை நிர்வகிப்பது, மனிதர்களை வழிநடத்துவது, தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது. முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மூன்றாவதை நம் பெண்கள் கண்டுகொள்வதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், யூரினை அடக்கிக்கொண்டு, ஆஃப் நாளிலும் போனை எடுத்து வார்டு நடத்துவது தியாகம் என்று நினைக்கிறோம். நீங்கள் சாப்பிடாமல் இருந்தால் உங்கள் ஸ்டாஃபும் சாப்பிடப் போக மாட்டார்கள். நீங்கள் லீவே எடுக்காவிட்டால், உங்கள் இடத்தில் நின்று முடிவெடுக்க இன்னொருவர் உருவாகவே மாட்டார். வருஷத்தில் ஒரு வாரமாவது முழு லீவு எடுங்கள், போன் எடுக்காத லீவு. திரும்பி வந்து, எது நடந்தது, எது நின்றுபோனது என்று பாருங்கள். நின்றுபோனவைதான் நீங்கள் இன்னும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடங்கள்.

மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். ஆபரேஷன் செய்ய ஒரு டாக்டருக்கு வருஷக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். முப்பது உயிர்களைப் பொறுப்பேற்கும் இன்சார்ஜுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். இருக்கிற இன்சார்ஜ் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள விடுங்கள். ஓய்வுபெறும் நாளன்று மாலை போட்டு அனுப்புவதற்குள், அவர் மனதில் இருக்கும் வார்டை அடுத்தவருக்கு மாற்றிக்கொடுக்க நேரம் கொடுங்கள்.

இப்போது இன்சார்ஜாக இருக்கிற சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வார்டில் அடுத்து பொறுப்புக்கு வரக்கூடியவர் யார் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் போட உட்காரும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பெயரையும் ஏன் அந்த இடத்தில் போடுகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கடுத்த மாதம் அவரையே போடச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.